தளம் யாருக்கு? நிலம் யாருடையது?

சென்னை அண்ணா சாலையை ஐதராபாத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில், தமிழ்த் திரையின் முன்னணி நடிகர் ஒருவர் நடித்த படத்திற்காக, நம் அண்ணா சாலையை அங்குள்ள படப்பிடிப்பு வளாகத்தில் செட்டாக எழுப்பினார்கள். கதை நிகழ்வது சென்னையில். பாத்திரங்கள் பேசுவது தமிழ். டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அசல் சாலை இங்கே கிடக்க, அதன் நகல் எழுந்ததோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்! பெரிய படங்களெல்லாம் இப்படி வெளியூர் போய்விட்டால் இங்குள்ள தொழிலாளி அடுப்பு மூட்டுவது எப்படி என்று திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் அந்த ஆண்டே வெளிப்படையாக முறையிட்டது. முறையீடு இரண்டு நாள் செய்தியாயிற்று. பிறகு மறந்தோம்.

படாதிபதியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அண்ணா சாலையை மூன்று வாரம் மூடிவைத்துப் படமெடுக்க எந்தப் போலீசும் அனுமதி தராது. செட் போட வேண்டும். போட்ட செட்டு பல வாரங்கள் நிற்க வேண்டும். அதற்குப் பரந்த வெளி வேண்டும், உயர்ந்த தளம் வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆயிரம் பேர் தங்கி உண்ண வசதி வேண்டும். 1996-இல் ஐதராபாத்தில் ஒரு தனி மனிதர் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இவற்றையெல்லாம் ஓரிடத்தில் அமைத்துவிட்டார். தென்னாட்டுப் படத்தொழிலுக்கே தாய்வீடாக இருந்த சென்னையில் அவை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இன்றைய கேள்வி.

2024 ஜனவரி 6 அன்று சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு விழாவில், பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாய்ச் செலவில் அதிநவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த மாதம் வந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. ஏறத்தாழ 150 ஏக்கர்; மெய்நிகர்த் தயாரிப்புக் கூடம், ஒளித்திரைச் சுவர், அனிமேஷன் பிரிவு, ஓட்டல் எனப் பட்டியல் நீண்டது. நாம் அதை வரவேற்கிறோம். அரசின் பொறுப்பில் படப்பிடிப்புத் தளங்கள் பெருக வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் அமர்ந்து இதை நிறைவேற்றினும் நாம் மகிழ்வோம்.

ஆனால் அந்த அறிவிப்பின் ஓரத்தில் ஒரு சிறு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருந்தது. அரசு, தனியார் பங்கேற்புடன் என்பது அது. இனிப்பின் நடுவில் வைத்த கசப்பு மருந்துபோல் பலர் அதை நாவில் படாமலே விழுங்கிவிட்டார்கள். நம்மால் விழுங்க முடியவில்லை. தரமணியைப் பார்த்தவர்கள் நாம்.

தரமணியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1994-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் ஆட்சியில் அங்கே அரசின் திரைப்பட நகரம் திறக்கப்பட்டது. முதலில் அவர் பெயரையே தாங்கியிருந்தது. 1996-இல் ஆட்சி மாறிற்று. கலைஞர் கருணாநிதியின் அரசு அதற்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டிற்று. பெயர்ப்பலகை மாற்றுவதில் நம் நாட்டு ஆட்சிகள் காட்டும் சுறுசுறுப்பு உலகப் புகழ் பெறத் தக்கது. பலகைக்குப் பின்னால் இருந்த நிலத்திற்கு என்ன நேர்ந்தது? பக்கத்திலேயே 2000-இல் டைடல் பூங்கா எழுந்தது. கணிப்பொறித் தொழில் பழைய மகாபலிபுரம் சாலையெங்கும் பொன்விளையச் செய்தது. நிலத்தின் விலை வானை முட்டிற்று. அவ்வளவுதான்! படப்பிடிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தின்மீது எல்லோர் கண்ணும் விழுந்தது. 2000-களின் இறுதிக்குள், அந்த நகரத்து நிலத்தில் ஏறத்தாழ 25 ஏக்கர், அரசும் பெருந்தொழில் நிறுவனமும் கைகோத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவிற்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. கணித மேதை இராமானுசன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கூட்டல் கழித்தலில் அந்த மேதை பிழை செய்ததில்லை; பிழை செய்தவர்கள் நாம்தாம்.

கணிப்பொறித் தொழில் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அங்கே வேலை பார்ப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. அரசு தானே ஒரு பயனுக்காக ஒதுக்கிய நிலத்தை, விலை ஏறிய அன்றே வேறொரு பயனுக்கு மாற்ற முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. தடுக்கச் சட்டம் இல்லை. கேட்க ஆள் இல்லை. நில ஆவணத்தில் அரசின் பெயர் இருந்தது. அது போதுமென்று நம்பினோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த மண்ணில் என்ன நடக்கும் என்று எழுதிக் கட்டியிருக்கிறதா என்பதே முக்கியம். தரமணி அதை நமக்குக் கற்பித்தது. கட்டணம் மிகப் பெரிது.

பிறகு என்ன வேடிக்கை பாருங்கள்! நகரத்திற்குள், திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் வாசலிலேயே இருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு பத்தாண்டு கூட முடியாமுன், நகருக்கு வெளியே புதிய நிலம் தேடிப் புறப்பட்டோம். வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப் போகிற கதை.

இதற்கு ஒரு பதில் வரும். "அரசுக்கு ஸ்டூடியோ நடத்தத் தெரியாது, முதலாளியிடம் விட்டால் செழிக்கும்" என்பார்கள். நல்லது. முதலாளிகளிடம் இருந்த ஸ்டூடியோக்கள் எங்கே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவோம்.

சேலத்திற்குப் போங்கள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தைக் கேளுங்கள். தமிழின் முதல் வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' 1938-இல் தயாரானதும் அந்த நிறுவனத்தில்தான். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்த அந்த இடத்தில் இன்று எஞ்சி நிற்பது ஏற்காடு சாலையோரம் ஒரு வளைவு. வாசல் இருக்கிறது, வீடு இல்லை.

சென்னைக்கு வாருங்கள். 1941-இல் எஸ்.எஸ். வாசன் ஏலத்தில் வாங்கி ஜெமினி என்று பெயரிட்டு, 1948-இல் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை உலகுக்குக் காட்டிய இடம் எது? மேம்பாலத்துக்கு இன்றும் ஜெமினி என்றே மக்கள் பெயர் சொல்கிறார்கள். ஸ்டூடியோ இருந்த மண்ணில் நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. ஆசியாவிலேயே பெரிது என்று பெருமை பேசப்பட்ட விஜயா வாகினி, மருத்துவமனையாகவும் பின்னர் 2013-இல் பேரங்காடியாகவும் உருமாறிற்று. அடையாற்றுச் சத்யா ஸ்டூடியோ மகளிர் கல்லூரி ஆயிற்று. கல்லூரியும் மருத்துவமனையும் தீமையல்ல. எவரையும் நாம் பழிக்கவில்லை. நாகிரெட்டியார் போன்றவர்கள் படத்தொழிலுக்குச் செய்த தொண்டு மறக்கத் தக்கதன்று. ஆனால் தனியுடைமையின் விதி ஒன்றுண்டு. நிலத்தின் வாடகை, தளத்தின் வாடகையைக் காட்டிலும் உயரும் நாளில் தளம் இடியும். முதலாளி நல்லவராயினும் இடியும், பொல்லாதவராயினும் இடியும். கோடம்பாக்கத்தில் அந்த நாள் எப்போதோ வந்துவிட்டது.

இப்போது பூனாவுக்குப் போவோம். அங்கேயும் ஒரு பெரிய ஸ்டூடியோ இருந்தது, பிரபாத். 1936-இல் 'சந்த் துக்காராம்' எடுத்த இடம். பிரபாத்தும் நொடித்தது, மூடப்பட்டது. ஆனால் கதை வேறு விதமாகத் திரும்பிற்று. எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு 1951-இல் தன் அறிக்கையைத் தந்திருந்தது. படத்தொழிலுக்குக் கடனுதவிக் கழகம் வேண்டும், பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அது கூறிற்று. மைய அரசு அந்தப் பிரபாத் வளாகத்தையே எடுத்துக்கொண்டு 1960-இல் அங்கே திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கிற்று. துக்காராம் பாடிய அதே தளத்தில் இன்றும் மாணவர்கள் விளக்கு ஏற்றுகிறார்கள். ஜெமினியும் நொடித்தது, பிரபாத்தும் நொடித்தது. ஒன்று ஓட்டலாயிற்று, மற்றொன்று பள்ளியாயிற்று. அரசு குறுக்கே நின்றது ஓரிடத்தில், நிற்காதது ஓரிடத்தில். அரசுக்கு ஸ்டூடியோ நடத்தத் தெரியாது என்று சொல்கிறவர்கள் பூனாவுக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுக்கட்டும்.

"அதெல்லாம் பழைய பொருளாதாரம், இப்போது பங்கேற்பு முறை. நிலம் அரசுடையது, முதலீடு தனியாருடையது, இருவருக்கும் இலாபம்" என்று இன்னொரு குரல் எழும். இந்தக் குரல் இத்தாலி நாட்டில் முன்பே ஒலித்தது. விளைவையும் அந்நாடு கண்டது.

ரோமாபுரியின் சினிசிட்டா 1937 ஏப்ரல் 28 அன்று திறக்கப்பட்டது. திறந்துவைத்தவன் முசோலினி. திரைப்படமே மிக வலிய ஆயுதம் என்று அந்தச் சர்வாதிகாரி முழங்கினான்; ஆயுதமாகவே பயன்படுத்தவும் செய்தான். அரசின் ஸ்டூடியோ ஆட்சியின் ஊதுகுழல் ஆகிவிடும் என்ற அச்சத்திற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. போர் வந்தது. கருவிகள் கொள்ளை போயின. தளங்கள் அகதிகள் முகாமாயின. வீடிழந்த குடும்பங்கள் செட்டுகளுக்கு நடுவே படுத்துறங்கின. பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. 'பென்-ஹர்' போன்ற பிரம்மாண்டங்கள் அங்கே எடுக்கப்பட்டன. அந்த வருவாயின் நிழலில் இத்தாலியக் கலைஞர்களும் வளர்ந்தார்கள். ஐந்தாம் எண் தளம் ஃபெலினியின் இரண்டாம் வீடாயிற்று. 1993-இல் அவர் மறைந்தபோது உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் அங்கேதான்.

அடுத்த வந்தது தனியார்மயக் காற்று. 1990-களின் இறுதியில் நிர்வாகம் தனியார் கூட்டணியிடம் போயிற்று. செழித்ததா? 2012 கோடையில் தொழிலாளர்கள் வாயிலில் கூடாரமடித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் தீட்டிய திட்டத்தில் ஓட்டல் கட்டும் யோசனை இருந்தது. தச்சர்களையும் சிற்பிகளையும் வேறு கம்பெனிகளுக்கு மாற்றும் யோசனை இருந்தது. ஓட்டல்! ரோமில் எதிர்த்துக் கூடாரமடித்த பொருளைத்தான் பூந்தமல்லித் திட்டத்தின் அணிகலன்களில் ஒன்றாக நாம் சேர்த்திருக்கிறோம். 2017-இல் இத்தாலிய அரசு ஸ்டூடியோவைத் திரும்பத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நிலம் அத்தனை ஆண்டும் பொதுவுடைமையாகவே இருந்தது. அதில் படத்தொழிலும் நின்றுபோகாமல் இருந்தது. அதனால்தான் எடுக்க முடிந்தது. 2021-இல் ஐரோப்பிய மீட்பு நிதியிலிருந்து 300 மில்லியன் யூரோவை ஒதுக்கித் தளங்களை விரிக்கும் திட்டத்தையும் வகுத்தார்கள்.

ஆயினும் ரோமும் நமக்கு முழு விடையல்ல. விரிவாக்கம் தொடங்கிய கையோடு, 2022 இறுதியில், ஆறு தளங்கள் பன்னாட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு ஐந்தாண்டு வாடகைக்கு விடப்பட்டன. வாடகை வரும், உண்மை. தளம் காலியாகக் கிடப்பதைவிட மேல், அதுவும் உண்மை. ஆனால் ஐந்தாண்டு முன்பதிவு செய்யும் பெருங்குழுமத்திற்கும், ஏழு நாள் கால்ஷீட் கேட்டு வரும் புது இயக்குநருக்கும் ஒரே வாயில் திறக்குமா? வாடகைக் கணக்கு மட்டும் பார்க்கும் நிர்வாகம் முன்னவரைத்தான் வரவேற்கும். பொதுப்பணத்தில் கட்டிய தளமும் கடைசியில் பணம் படைத்தவனின் தளமாகிவிடும். நிலம் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது என்று இதனால்தான் சொல்கிறோம்.

தளத்தின் பொருளாதாரம் அறிந்தவர்களுக்கு இது வெள்ளிடை மலை. செட் போட மூன்று வாரம், படமெடுக்க ஐந்து நாள், பிரிக்க இரண்டு நாள். வாடகை எல்லா நாளுக்கும் ஓடும். பெரிய படத்துக்கு இது கைச்செலவு. சிறிய படத்துக்கோ, செட் போடும் நாளிலேயே முதல் கரைந்துவிடும். ஆகவே சிறிய தயாரிப்பாளன் யாரோ ஒருவருடைய வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறான். தெருவில் ஒளிந்து எடுக்கிறான். மழை வந்தால் மூட்டை கட்டுகிறான். 'எளிமையான, மண்மணம் கமழும் படம்' என்று விமரிசகர்கள் பாராட்டுகிறார்களே, அந்த எளிமையில் பாதி வாடகைக்குப் பயந்த எளிமை.

தமிழில் இதற்குப் பழைய சான்றே உண்டு. 1960-இல் 'பாதை தெரியுது பார்' என்றொரு படம் வந்தது. வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நிமாய் கோஷ் இயக்கினார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். இருவரும் சென்னையில் திரைப்படத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டி எழுப்பியதில் முன்னின்றவர்கள். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். பலர் பணம் சேர்த்து எடுத்த படம். நல்ல கொட்டகைகளில் நிலைத்து ஓட அதற்கு வழி கிடைக்கவில்லை. தளமும் கொட்டகையும் ஒரு கையில் சேர்ந்திருக்கும் தொழிலில், அந்தக் கைக்கு வேண்டாதது வெளிச்சம் காண்பதில்லை. அதை மாற்றத்தான் பொதுத்துறை. இல்லையெனில் எதற்கு?

கேரளத்தைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டிய ஓர் இடமும் இங்குண்டு. மலையாளப் படங்கள் நெடுங்காலம் நம் கோடம்பாக்கத்தை நம்பியே இருந்தன. தங்கள் படம் தங்கள் மண்ணில் பிறக்க வேண்டும் என்று அந்த அரசு முனைந்தது. 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அமைத்தது. மாநில அரசுகள் அமைத்த தொடக்ககாலக் கழகங்களில் அதுவும் ஒன்று. 1980-இல் திருவனந்தபுரத்துத் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ எழுந்தது. அதுவும் குறையற்றதன்று, கருவிகள் பழசாகிக் கிடந்த காலமும் அதற்குண்டு, விரிவாக்கம் பற்றிய பேச்சு அங்கேயும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஆனால் அந்தக் கழகம் கட்டடத்தோடு நிற்கவில்லை. பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்து முதற்படம் எடுக்க வழி செய்தது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் எழுந்து, இந்தத் தொகை அதிகம், ஐம்பது இலட்சமாக்கி மூவருக்குப் பிரிக்கலாம், பெறுகிறவர்களுக்கு முதலில் பயிற்சி தர வேண்டும் என்று பேசினார். அரங்கிலேயே எதிர்ப்பு வெடித்தது. அடூரின் கலையை மதிக்கிறோம். இந்தப் பேச்சை ஏற்க மாட்டோம். பயிற்சி நல்லதுதான், எல்லோருக்கும் நல்லது. பெரிய வீட்டுப் பிள்ளை பத்துக் கோடியில் முதற்படம் எடுக்கும்போது பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று எவரும் கேட்டதில்லையே! ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: தமிழ்நாட்டில் இப்படியொரு சண்டை நடக்கவேயில்லை. சண்டை போட இங்கே அப்படியொரு திட்டமும் இல்லை, கழகமும் இல்லை.

இனித் தொழிலாளியிடம் வருவோம். திரைப்பட நகரம் என்றதும் ஒளித்திரைச் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தச் சுவரைத் தூக்கி நிறுத்துகிறவனைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி இருந்ததா? 2020 பிப்ரவரி 19 இரவு, அதே பூந்தமல்லி வட்டாரத்தில், ஒரு தனியார் வளாகத்தில் நடந்த படப்பிடிப்பில் விளக்குப் பொருத்திய கிரேன் சரிந்து விழுந்தது. உதவி இயக்குநர் ஒருவரும் ஊழியர் இருவரும் அங்கேயே மாண்டார்கள். படம் தமிழ்நாடே அறிந்த படம், பெருமுதலீடு, பெரும்பெயர்கள். மூன்று உயிர்கள் போன பிறகுதான் பாதுகாப்பு விதி என்ற சொல்லே பலர் வாயில் வந்தது. கிரேனை யார் சோதிப்பது? உயரப் பரணில் நிற்கும் லைட்மேனின் இடுப்புவாரை யார் பார்ப்பது? இரவு இரண்டு மணி வரை நீளும் கால்ஷீட்டை யார் நிறுத்துவது? தயாரிப்பாளன் வளாக உரிமையாளனைக் காட்டுவான். அவன் கருவி வாடகைக்கு விட்டவனைக் காட்டுவான். அவன் ஓட்டியவனைக் காட்டுவான். கடைசி விரல் செத்தவன்மீதே போய் நிற்கும்.

அரசின் வளாகத்தில் இந்தப் பந்தாட்டம் நடக்கக் கூடாது. வாயிலுக்குள் வரும் ஒவ்வொரு கிரேனையும் சோதித்து முத்திரை இடும் பொறியாளர் அங்கேயே வேண்டும். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். பெண் தொழிலாளருக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும், கேரவன் வைத்திருக்கும் நாயகிக்கு மட்டுமன்றி நூறு பேர் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகைக்கும், வேண்டும். ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் கேரளத்தில் வெளியானபோது நாடு அதிர்ந்ததே, அதில் படப்பிடிப்பு இடங்களின் கழிப்பறையைப் பற்றியும் எழுதியிருந்தது. அதிர்ந்தவர்கள் தங்கள் ஊர்த் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தார்களா? பேட்டா ரொக்கமா கடனா என்று மாலையில் கைகட்டி நிற்கும் நிலையும் அரசு வளாகத்தில் இருக்கலாகாது. வாடகைக்குத் தளம் தரும்போதே, சங்கக் கூலியைத் தவறாமல் கொடுப்பேன் என்று எழுதி வாங்கினால் போதும். புதிய சட்டம் கூடத் தேவையில்லை.

பயிற்சி நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல். தரமணியில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பி.சி. ஸ்ரீராம் பயின்ற இடம் அது. 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்து, திரைப்படக் கல்லூரி மாணவரும் வணிகப் படம் எடுப்பர் என்று காட்டியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். புதிய நகரத்தில் ஒரு தளத்தையாவது அந்த மாணவர்களுக்கென்று ஒதுக்க வேண்டாமா? மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை வேண்டும் என்பது போன்றதுதான் இது.

படச் சுருள்களின் கதையோ இன்னும் வேதனை. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ஊமைப்படம் 'கீசக வதம்' இன்றில்லை. தமிழின் முதல் பேசும்படம் 1931-இன் 'காளிதாஸ்' இன்றில்லை. வெள்ளிக்காகச் சுருளைக் கரைத்தார்கள், ஈரத்தில் அழுக விட்டார்கள், தீக்கு இரையாக்கினார்கள். 1964-இல் பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியதால் சில தப்பின. திரைப்படத்தால் ஆட்சிகளையே அமைத்த தமிழ்நாட்டில், தன் படங்களைக் குளிரூட்டிப் பாதுகாக்க அரசின் அறை ஒன்றுகூட அப்போது எழவில்லை. 500 கோடியில் ஓட்டலுக்கு இடமிருந்தால் காப்பகத்திற்கும் இடமிருக்கும்.

"பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது சினிமாவுக்கு ஏன் 500 கோடி?" என்று கேட்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. டிக்கெட்டுக்கு டிக்கெட் வரி வாங்கிய தொழில் இது; வாங்கிய வரியில் ஒரு பங்கைத் தொழிலாளியின் வேலைக்குத் திருப்புவது தானமாகாது. உண்மையில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பொதுநிலத்தை அடிமாட்டு விலைக்கு நீண்ட குத்தகையில் வாங்கி, முதல் ஐந்தாண்டு தளம் நடத்தி, பிறகு தளம் நட்டம், ஓட்டல் இலாபம் என்று கணக்குக் காட்டி, மெல்ல மெல்ல ஓட்டலையும் கேளிக்கைப் பூங்காவையும் பெருக்குகிறவனிடமிருந்து எத்தனை பள்ளிக்கூடக் கூரையை மீட்கலாம்? அந்தக் கணக்கைப் போடட்டும், நாமும் உடன் உட்கார்ந்து போடுகிறோம்.

பூந்தமல்லி ஏரிகள் சூழ்ந்த நாடு என்பதையும் திட்டம் தீட்டுகிறவர்கள் மறக்கலாகாது. செம்பரம்பாக்கம் அருகில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதை இந்த நகரம் மறக்கவில்லை. ஓடையை மூடிக் கட்டிய தளத்தில் மழைக்காட்சி எடுக்கச் செயற்கை மழை தேவைப்படாது!

ஆகவே ஒப்பந்தத்தில் எவரும் கையெழுத்திடுமுன், அதன் ஒவ்வொரு பக்கமும் தமிழில் அச்சாகிச் சட்டமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். குத்தகை எத்தனை ஆண்டு, ஏக்கருக்கு என்ன வாடகை, 150 ஏக்கரில் தளங்களுக்கு எத்தனை, ஓட்டலுக்கு எத்தனை, சிறு படங்களுக்கு ஆண்டில் எத்தனை கால்ஷீட் கட்டாயம், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, பங்காளி விலகினால் நிலம் என்னவாகும். இவை யாவும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த மண்ணைப் படத்தொழிலுக்கன்றி வேறெதற்கும் மாற்றலாகாது என்று சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்ற வேண்டும். மாற்ற விரும்பும் ஆட்சி மீண்டும் அதே மன்றத்தில் எழுந்து நின்று, காரணத்தை வாய்திறந்து சொல்லி, வாக்குக் கேட்கட்டும். தரமணியில் எஞ்சியிருக்கும் தளங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்த வேண்டும். முதல் பிரிவே அதுவாக இருந்தால் நல்லது. இருபதுக்கு மேற்பட்ட தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளும், பயிற்சி நிறுவனத்தின் ஆசிரியரும், ஒரு படம் மட்டுமே எடுத்து நொடித்துப்போன தயாரிப்பாளர் ஒருவரும் நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும். கடைசியாகச் சொன்னவர் எல்லோரையும்விட நன்றாகக் கணக்குக் கேட்பார்.